அஸ்பரகஸ் செய்கைக்கு மலைநாட்டின் நாட்காட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, இளங்குருத்தை மரக்கறியாக உண்ணும் அஸ்பரகஸ் பயிரின் செய்கை பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். குளிர் மிகுந்த, பயிர்க்காலம் குறுகிய நாடுகளில் இந்தப் பயிரை எவ்வாறு நட்டு வளர்க்கிறார்கள் என்பது அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. சொன்ன விடயங்களில் பிழையும் இல்லை. ஆயினும், நுவரெலியாவும் குளிர்ப் பிரதேசமே, ஆகையால் இதே முறையை இங்கும் பின்பற்றலாம் என்ற பொருள்பட அது முடிந்திருந்தது எனக்குக் கவலையளித்தது. அந்த நாடுகளின் குளிர் வேறு, நமது மலைகளின் குளிர் வேறு. அவர்களுடைய மாதக்கணக்கை அப்படியே எடுத்து இங்கு நடுகிறவருடைய செடி பட்டுப்போகாது, பச்சைப் பசேலென்று வளரவும் செய்யும். ஆனால் மூன்று வருடம் காத்திருந்த பிறகும் பென்சில் தடிப்பைக்கூட எட்டாத குருத்துகளையே தந்துகொண்டிருக்கும். கந்தப்பளைப் பகுதியில் மரக்கறிச் செய்கையோடு இப்பயிரையும் பல ஆண்டுகளாக வளர்த்து வருபவன் என்ற வகையில், நட விரும்பும் வாசகர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

அஸ்பரகஸ் ஒரு பல்லாண்டுப் பயிர். கரட்டையும் லீக்ஸையும் போல ஒரு போகத்தில் பிடுங்கிவிட்டு அடுத்த போகத்துக்கு நிலத்தைக் கொத்தும் வேலை இதில் இல்லை. மண்ணுக்குள் ஒரு வேர்க்கொத்து இருக்கிறது. அதிலிருந்து சதைப்பற்றுள்ள வேர்கள் நாற்புறமும் பரவி, ஆழமான மண் கிடைத்தால் ஒரு மீற்றருக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. அக்கொத்தின் மொட்டுகளிலிருந்து நிலத்துக்கு மேலே எழும் குருத்தைத்தான் நாம் வெட்டிச் சமைக்கிறோம். வெட்டாமல் விட்ட குருத்து நெஞ்சுயரத்துக்கும் மேலாக வளர்ந்து, மெல்லிய இழைகளாகக் கிளைத்துத் தழையாகிறது. நமது காடுகளில் படரும் சாத்தாவாரியும், பூங்கொத்துக் கட்டுவதற்காக நுவரெலியா வீடுகளில் வளர்க்கும் அஸ்பரகஸ் தழையும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. சாத்தாவாரிக் கிழங்கைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வேர்க்கொத்தின் அமைப்பு புதிதாகத் தோன்றாது.

வெயிலில் தழை தயாரிக்கும் மாச்சத்தும் சர்க்கரையும் வேர்களில் இறங்கிச் சேர்கின்றன. அடுத்த பருவத்தில் குருத்து எவ்வளவு தடிப்பாக வரும், எத்தனை வாரம் தொடர்ந்து வரும் என்பவற்றை அந்தச் சேமிப்பே தீர்மானிக்கிறது. குருத்து வெட்டுகிற ஒவ்வொரு நாளும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கிறோம். தழை நிற்கிற ஒவ்வொரு நாளும் அதற்குத் திருப்பிக் கொடுக்கிறோம். தேயிலை மலைகளில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கவ்வாத்து வெட்டுவதற்கு முன் செடியின் வேரை எடுத்து அயடீன் தடவி மாச்சத்து இருக்கிறதா என்று பார்ப்பதும், போதாது என்றால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுப்பதும் தோட்டங்களில் பழகிய வேலை. வேரில் சத்தில்லாத தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கச் சிரமப்படுவதைப் போலவே, வேரில் சத்தில்லாத அஸ்பரகஸில் குருத்து வெட்டினால் அது ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டே போகும்.

குளிர் நாடுகளில் இந்தச் சேமிப்பைக் காப்பது குளிர்காலம்தான். கனடாவின் ஒன்ராரியோவை எடுத்துக்கொள்வோம். நம்மவர்களில் பலருடைய உறவினர்கள் அங்கு வீட்டுப் பின்வளவில் இப்பயிரை வளர்க்கிறார்கள். இலையுதிர்காலக் குளிரில் தழை மஞ்சளாகிக் காய்கிறது, சத்தெல்லாம் வேருக்கு இறங்குகிறது, பிறகு பல மாதங்கள் வேர்க்கொத்து உறைந்த மண்ணுக்குள் உறங்குகிறது. வசந்தத்தில் மண் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸை எட்டியதும், உறங்கிய மொட்டுகள் எல்லாம் ஒருங்கே விழித்துத் தடித்த குருத்துகளை மேலே அனுப்புகின்றன. மே மாதத்தில் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் வெட்டிவிட்டு, ஜூன் கடைசியில் நிறுத்தித் தழையை வளர விடுகிறார்கள். ஜேர்மனியில் ஜூன் 24 ஆம் திகதிக்குப் பிறகு வெட்டுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். பயிர்க்காலம் குறுகிய அந்த இடங்களின் கவலை எல்லாம் இருபக்கத்து உறைபனியைப் பற்றியது. வசந்தத்தில் பிந்தி வரும் உறைபனி முளைத்த குருத்தைக் கருக்கிவிடும், இலையுதிர்காலத்தில் முந்தி வரும் உறைபனி வேர் நிரம்புவதற்குள் தழையைக் கொன்றுவிடும். அதனால்தான் தெற்கு நோக்கிய சரிவைத் தேடுவது, மண் விரைவில் சூடேறுவதற்காக வேர்க்கொத்தைச் சற்று மேலாக நடுவது, கறுப்புப் பொலித்தீன் விரிப்பது, பிந்தி முளைக்கும் இனங்களைத் தெரிவது என்றெல்லாம் அவர்கள் பாடுபடுகிறார்கள். தங்கள் கட்டுரை சொன்ன அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்தக் கவலைகளுக்கான விடைகளே.

நமக்கு அந்தக் கவலை இல்லை. இதற்கு நேர்மாறான ஒரு கவலை இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. ஆனால் அந்தச் சராசரி மாதத்துக்கு மாதம் சில பாகைகளுக்கு மேல் மாறுவதில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்கூட வேறுபாடு இல்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் துகள் உறைபனி விழுந்து புல்லும் தேயிலைக் கொழுந்தும் கருகுவது உண்மை; எனினும் அது நிலத்தின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது, வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது, மண் உறைவதில்லை. ஆகவே இங்கு பயிர்க்காலம் குறுகியது அன்று. பன்னிரண்டு மாதமும் பயிர்க்காலம். அஸ்பரகஸ் ஓய்வெடுக்க ஒரு காரணமும் இல்லாமல், வாரத்துக்கு ஒன்றிரண்டு குருத்துகளாக ஆண்டு முழுவதும் விட்டுக்கொண்டேயிருக்கும். சேமித்ததைச் சேமித்த கையோடு செலவழிக்கும் செடியில் எந்த மாதத்திலும் நல்ல அறுவடை கிடைக்காது. மலைநாட்டில் அஸ்பரகஸ் சரிவராது என்று சொல்வோர் பலர் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். செடியின் மீதோ மண்ணின் மீதோ குற்றமில்லை. அதற்கு ஓய்வு கொடுக்கப்படவில்லை.

குளிர் தராத ஓய்வை வறட்சியால் தர முடியும். உலகில் மிக அதிகமாக அஸ்பரகஸ் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்றான பெருவில், கடற்கரையோரப் பாலைநிலங்களில் இப்பயிர் முழுக்க நீர்ப்பாசனத்தில் வளர்கிறது. அங்கு உறைபனி கிடையாது. சில வாரங்களுக்கு நீரை நிறுத்திவிடுகிறார்கள்; தழை மஞ்சளாகி வேருக்குச் சத்தை இறக்குகிறது; பிறகு தழையை வெட்டியகற்றி மீண்டும் நீர் விடும்போது குருத்துகள் ஒருங்கே எழுகின்றன. இவ்வாறு ஆண்டுக்கு இரண்டு அறுவடைகூட எடுக்கிறார்கள். மழை அதிகமான தாய்லாந்திலும் தாய்வானிலும் வேறொரு முறை இருக்கிறது. ஒவ்வொரு செடியிலும் மூன்று முதல் ஐந்து வரையான நல்ல தண்டுகளைத் தாய்த்தண்டுகளாக வளர விட்டு, அவை உணவு தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக வரும் குருத்துகளை வெட்டுகிறார்கள். சில மாதங்களில் தாய்த்தண்டு முதிர்ந்ததும் அதை அகற்றிப் புதிய தண்டுகளை அதன் இடத்தில் வளர விடுகிறார்கள். ஒன்ராரியோவின் முறையைவிட இந்த இரண்டும்தான் நமக்கு நெருக்கமானவை. வாசகர்கள் எந்த நாட்டிலிருந்து பாடம் படிக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பெருவில் நீர்க்குழாயை மூடினால் வறட்சி. நமக்கோ வானம் கொடுக்கிற வறட்சிதான். அது எப்போது வருகிறது என்பது மலைநாட்டில் ஒரே மாதிரியானதன்று, மத்திய மலைத்தொடரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தேயிலையில் தரமான கொழுந்து கிடைக்கும் பருவத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். திம்புள்ளப் பக்கத்தில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பகுதிகளில், அந்தப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது. ஊவாப் பக்கத்தில், பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பகுதிகளில், அது ஜூலை முதல் செப்ரெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்று மலையைக் கடந்து காய்ந்த காற்றாக இறங்கும் காலத்தில் வருகிறது. கொழுந்தின் வளர்ச்சியை மட்டுப்படுத்தித் தேநீருக்குச் சுவை கூட்டும் அதே உலர்ந்த நாட்கள்தான் அஸ்பரகஸுக்கு வேண்டிய ஓய்வு நாட்களும். ஆகவே மலைநாட்டுக்கு ஒரு நாட்காட்டி போதாது, இரண்டு வேண்டும்.

மேற்குப் பக்கத்திலும் நுவரெலியா, கந்தப்பளைப் பகுதியிலும் நான் சொல்லக்கூடியது இது. நாற்றையோ வேர்க்கொத்தையோ மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில், பருவக்காற்றுக்கு முந்திய பின்னேர மழையோடு நட வேண்டும். ஜூன் மாதக் காற்றும் மழையும் வருவதற்குள் அது வேர் பிடித்திருக்கும். வளர்ந்த செடிக்கு டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து நீரும் பசளையும் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். ஜனவரி, பெப்ரவரியின் உலர்ந்த குளிரில் தழை மஞ்சளாகத் தொடங்கும். துகள் உறைபனி விழுந்து தழை கருகினாலும் அஞ்ச வேண்டியதில்லை, அது நமக்கு உதவியே. பெப்ரவரி கடைசியில் காய்ந்த தழையை நிலமட்டத்தில் வெட்டியகற்றி, கூட்டெரு இட்டு, மண் நனைய நீர் விட்டால் மார்ச், ஏப்ரலில் குருத்துகள் எழும். உறைபனிக் காலத்தில் நிலத்துக்கு மேல் இளங்குருத்து இல்லாதிருப்பது இந்த ஒழுங்கின் இன்னொரு நன்மை. ஏனென்றால் வேர்க்கொத்து உறைபனியைத் தாங்கும், குருத்து தாங்காது. ஊவாப் பக்கத்திலோ ஒக்ரோபர் மழையோடு நட்டு, ஜூலை, ஆகஸ்டில் ஓய்வுக்கு விட்டு, செப்ரெம்பரில் தழையை வெட்டி, அதன்பின் நீர் விட்டு, நவம்பர் பெருமழைக்கு முன்னரே அறுவடையை முடித்துவிடுவது நல்லது. என் மதிப்பீட்டில் வெலிமடை, ஊவாபரணகமைப் பகுதிகளே இலங்கையில் இப்பயிருக்கு மிகவும் ஏற்ற இடங்கள். அங்கு வறட்சி நீண்டது, ஓடை நீரைப் பாய்ச்சவும் நிறுத்தவும் விவசாயிகள் பழகியவர்கள். நுவரெலியாவில் பெப்ரவரியில் ஒரு நாள் மழை பெய்தாலே செடி விழித்துக்கொள்ளும். அப்படி ஓய்வு கலைந்த ஆண்டுகளில் முழு அறுவடைக்கு ஆசைப்படாமல் தாய்த்தண்டு முறைக்கு மாறிக்கொள்வதே அறிவுடைமை. மஸ்கெலியா, நோர்வூட் போன்ற பெருமழைப் பகுதிகளில் உள்ளவர்களுக்கு நான் இப்பயிரைப் பரிந்துரைக்கத் துணியமாட்டேன்.

அடுத்தது மண். இதில்தான் நமது மலைநாட்டில் மிகக் கூடிய கவனம் தேவை. தங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்து சென்றதும் இதைத்தான். அஸ்பரகஸ் புளிப்பு மண்ணை விரும்பாது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பீ.எச். பெறுமானம் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.5 க்கும் 7.5 க்கும் இடையில் இருப்பது அதற்கு ஏற்றது. 6 க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றி, வேரழுகல் நோய்க்கு எளிதில் இரையாகும். தேயிலைக்கு ஏற்றதோ 4.5 முதல் 5.5 வரை. பல தலைமுறையாகத் தேயிலை நின்ற மண்ணிலும், தேயிலையை அகற்றிப் புதிதாகத் திருத்திய துண்டுகளிலும், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களை அடுத்த வீட்டுத்தோட்டங்களிலும் இந்தப் புளிப்பு ஊறியிருக்கிறது. பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல்மண்ணில் மட்டும், புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்பு வகையான டொலமைட் தூவினால் கரட்டுக்குப் போதும். ஒரு மீற்றர் ஆழத்துக்கு வேர் இறங்கும் பயிருக்கு அது போதாது. நட்ட பிறகு ஆழமண்ணைத் திருத்தவும் முடியாது, ஏனென்றால் கிளறினால் வேர் அறும். ஆகவே நடுவதற்குக் குறைந்தது சில மாதங்களுக்கு முன்பே மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்து, அதில் சொல்லப்படும் அளவு டொலமைட்டை இரண்டு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, ஒரு மழைக்காலம் ஊற விட்டு, மீண்டும் பரிசோதித்துப் பார்த்த பிறகே நட வேண்டும். பல வருடம் கிழங்கும் கோவாவும் போட்டு, ஒவ்வொரு போகத்துக்கும் டொலமைட் இட்டு வந்த பழைய மரக்கறி நிலங்கள் இந்த வகையில் முன்னேறியே இருக்கின்றன. ஆனாலும் பரிசோதனையின்றி எதையும் ஊகிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பரிசோதனைக்காகச் செலவழியும் சிறு தொகை, மூன்று வருடக் காத்திருப்பைக் காப்பாற்றும்.

புளிப்புக்கு அடுத்தபடியாக இச்செடியைக் கொல்வது தேங்கும் நீர். குளிர் நாட்டுக் குறிப்புகளில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழமான கிடங்கு வெட்டி, அதில் வேர்க்கொத்தை விரித்து வைத்து, சிறிதளவு மண்ணால் மூடி, குருத்து வளர வளர மீதி மண்ணைத் தள்ளிக் கிடங்கை நிரப்பும்படி சொல்லியிருக்கும். மணல் கலந்த நிலத்துக்கு அது மிகச் சரியான முறை. நமது மலைகளில் மே மாதத்து மழை அந்தக் கிடங்கை நீர்நிறைந்த வாய்க்காலாக்கிவிடும். வேர்க்கொத்து சில நாட்களிலேயே அழுகிவிடும். இங்கு முதலில் உயர்ந்த பாத்தி அமைத்து, பாத்தியின் உச்சியில் அந்த ஆழத்துக்கு வெட்டி நட வேண்டும். அப்போது கிடங்கின் அடி சுற்றுநிலத்தின் மட்டத்துக்குக் கீழே போகாது. சரிவான நிலத்தில் பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே செல்ல வேண்டும், பாத்திகளுக்கு மேற்புறத்தில் ஒரு கான் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய்விட வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டிய கைகளுக்கு இந்தச் சாய்வுக் கணக்கை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வரிசைக்கு வரிசை ஒன்றரை மீற்றரும், செடிக்குச் செடி 30 முதல் 45 சென்ரிமீற்றரும் விடலாம். குளிர் நாட்டார் சிலர் வரிசையை இன்னும் நெருக்குகிறார்கள். பாதி நாள் மூடுபனி நிற்கும் இடத்தில் அது கூடாது. தழை காற்றோட்டமின்றி ஈரமாகவே நின்றால் துரு நோயும், தண்டில் ஊதாப் புள்ளி நோயும் தொற்றி, வேர் நிரம்புவதற்கு முன்பே தழை உதிர்ந்துவிடும். முதல் வருடத்தில் வரிசைகளுக்கு இடையே சலாது, முள்ளங்கி போன்ற மேலோட்ட வேர்ப் பயிர்களைப் போட்டுக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு வேண்டாம்; அதைக் கிண்டியெடுக்கும்போது அஸ்பரகஸின் வேர் துண்டாகும்.

வேர்க்கொத்துகள் இங்கு கடைகளில் கிடைப்பது அரிது என்பதால் பெரும்பாலோர் விதையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். விதை முளைப்பதற்கு வெதுவெதுப்பு தேவை: மண் 25 பாகையில் இருந்தால் பத்து நாளளவில் முளைக்கும், 20 பாகையில் இரண்டு வாரம் செல்லும், 15 பாகையில் மூன்று வாரத்துக்கும் மேலாகும், 10 பாகையிலோ ஐம்பது நாளைத் தாண்டிவிடும். எனவே நுவரெலியாவில் வெறும் நாற்றுமேடையில் விதைத்துவிட்டு, இரண்டு வாரத்தில் முளைக்கவில்லை என்று கிண்டிப் பார்ப்பவர்கள் பொறுமை கொள்ள வேண்டும். அல்லது விதையை ஒரு நாள் ஊறவைத்து, பொலித்தீன் கூடாரத்துக்குள் தட்டுகளில் விதைக்க வேண்டும். இனத்தைத் தெரிவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் உருவாக்கிய மிலேனியம் போன்ற இனங்கள் கடுங்குளிருக்கென்றே தெரிவு செய்யப்பட்டவை. ரொறன்ரோவிலிருக்கும் உறவினர் அன்போடு பரிந்துரைப்பது பெரும்பாலும் அவற்றைத்தான். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வெளியிட்ட யூ.சி. 157 என்ற இனமே பெருவின் பெரும்பரப்பில் நிற்பது. குளிர்கால உறக்கம் இல்லாத இடத்துக்கு அதுவே பொருத்தம். பழைய மேரி வொஷிங்டன் இனத்தின் விதை மலிவானது, துரு நோயைத் தாங்கும்படி தெரிவு செய்யப்பட்டது, பழகிப் பார்ப்பதற்கு ஏற்றது. ஆண் செடியும் பெண் செடியும் வேறு வேறாக இருக்கும் பயிர் இது. பெண் செடி சிவந்த கனிகளுக்குச் சத்தைச் செலவழிப்பதால், ஆண் செடியே கூடுதலான குருத்துகளைத் தருகிறது. பெண் செடியின் விதை விழுந்து முளைப்பவை பாத்தியில் களையாகவும் மாறும். வெளிநாட்டு விதையை உறவினர் பொதியில் மறைத்துக் கொண்டுவருவது பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுகைப் பொருட்களை அனுமதியின்றிக் கொண்டுவர முடியாது. அஸ்பரகஸின் வேரழுகல் பூஞ்சணம் விதையோடும் வேர்க்கொத்தோடும் பயணம் செய்யக்கூடியது; ஒரு முறை நிலத்தில் ஊறிவிட்டால் பல ஆண்டுகளுக்கு அகலாது. அனுமதி பெற்ற இறக்குமதியாளரிடம் வாங்குவதே நமது மண்ணுக்குப் பாதுகாப்பு.

அறுவடையைப் பற்றி வீண் நம்பிக்கை எதையும் ஊட்ட நான் விரும்பவில்லை. நட்ட முதல் வருடம் ஒரு குருத்தையும் வெட்டக் கூடாது. இரண்டாம் வருடமும் விதையிலிருந்து வந்த செடியில் வெட்டாமலிருப்பதே மேல். வேர்க்கொத்திலிருந்து வந்ததில் ஓரிரு வாரம் சுவை பார்க்கலாம். மூன்றாம் வருடம் மூன்று நான்கு வாரம், அதன் பிறகே ஆறு முதல் எட்டு வாரம். எப்போது நிறுத்துவது என்பதை நாட்காட்டியைவிடக் குருத்தே நன்றாகச் சொல்லும்: வருபவற்றில் பெரும்பாலானவை பென்சிலைவிட மெலிந்துவிட்டால், அன்றே கத்தியை வைத்துவிட வேண்டும். விலை கிடைக்கிறதே என்று இன்னும் இரண்டு வாரம் வெட்டுகிறவர் அடுத்த ஆண்டின் அறுவடையை இந்த ஆண்டே விற்கிறார். குருத்து 18 முதல் 23 சென்ரிமீற்றர் உயரத்தில், நுனி விரியாமல் இறுக்கமாக இருக்கும்போது காலையில் வெட்டி, அடியை நீரில் நிறுத்தி நிழலில் வைக்க வேண்டும். வெட்டிய பிறகும் அது வேகமாகச் சுவாசித்து நாராகிவிடும் காய்கறி. விடுதிகளுக்குக் கொடுக்க எண்ணுகிறவர்கள் வெட்டிய அன்றே சேர்ப்பிக்க வழியுண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். களையைக் கையால் எடுப்பது, வெட்டுப்புழுவையும் நத்தையையும் இரவில் தேடிப் பிடிப்பது, ஜூன் காற்றில் தழை சாயாமல் வரிசையின் இருபுறமும் கயிறு கட்டுவது என்பன நமது மரக்கறி விவசாயிகள் சொல்லாமலே செய்யக்கூடியவை. நோயுற்ற தழையைக் கூட்டெருக் குழியில் போடாமல் எரித்துவிட வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் குளிர் நாடுகளில் ஒரு பாத்தி 15 முதல் 20 வருடம் வரை பயன் தருகிறது. ஓய்வு குறைந்த நமது சூழலில் அதில் பாதிக்கு மேல் நான் உறுதி கூற மாட்டேன். பாதியாயினும் அது நீண்ட காலம். இங்கேதான் கட்டுரை தொடாத, ஆனால் மலையக வாசகர் ஒவ்வொருவருக்கும் முதலில் எழுகிற கேள்வி வருகிறது: யாருடைய நிலத்தில் நடுவது? தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகி, 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்ற பின்னரும், லயன் ஓரத்து மரக்கறித் துண்டைத் தலைமுறையாகக் கொத்தி உண்பவர்களில் மிகப் பலருக்கு அத்துண்டின் மீது எழுத்தில் எந்த உரிமையும் இல்லை. போகக் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கரட் போடுகிறவருக்கும் அடுத்த வருடம் அந்த நிலம் கிடைக்குமா என்பது தெரியாது. அப்படிப்பட்டவரிடம், பணம் செலவழித்து மண்ணைத் திருத்தி, மூன்று வருடம் முழு அறுவடையின்றிக் காத்திரு என்று சொல்வது நியாயமாகாது. மூன்று மாதப் பயிர்களையே நமது மக்கள் திரும்பத் திரும்பப் போடுவது அறியாமையால் என்று சிலர் எழுதுவதைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. நிலம் நிலையாக இல்லாதவருக்கு அதுவே சரியான கணக்கு. ஆகவே என் அறிவுரை இதுதான்: உறுதிப்பத்திரம் உள்ள வீட்டுக் காணியில், அது ஏழு பேர்ச்சஸாக இருந்தாலும், வேலியோரமாக ஒரு வரிசை நடுங்கள்; ஒரு குடும்பத்தின் தேவைக்கு இருபது செடி போதும். குத்தகை நிலத்தில் நட வேண்டாம். வருமானத்துக்காக அரை ஏக்கரில் நட எண்ணுகிறவர்கள், குறைந்தது பத்து வருடத்துக்கான குத்தகையை எழுத்தில் பெற்ற பின்னரே முதல் விதையை வாங்குங்கள்.

தங்கள் பத்திரிகையிடமும் விவசாயத் திணைக்களத்திடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நுவரெலியாவுக்கு அருகே சீதாஎலியவில் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையமும் பண்டாரவளையில் இன்னொன்றும் இருக்கின்றன. நான் சொன்ன இரண்டு நாட்காட்டிகளுக்கும் உரிய இரண்டு பக்கங்களில் அவை அமைந்திருப்பது நல்வாய்ப்பு. இரண்டிலும் ஒரே இனத்தை ஒரே ஆண்டில் நட்டு, ஒரு பகுதிக்கு உலர்பருவ ஓய்வும் மற்றப் பகுதிக்குத் தாய்த்தண்டு முறையும் கொடுத்து, நான்கைந்து வருடம் எடைபோட்டுப் பார்த்தால், விவசாயிகள் தங்கள் சொந்தச் செலவில் இதைக் கண்டறிய வேண்டிய தேவை இருக்காது. அதன் பெறுபேறுகள் தமிழிலும் துண்டுப்பிரசுரமாக வெளிவந்து, கமநல சேவை நிலையங்களில் மட்டுமன்றித் தோட்டப் பகுதிகளிலும் கிடைக்க வேண்டும். அதுவரை, இவ்வருடமே தொடங்க விரும்பும் வாசகர்கள் விதைக்கு அவசரப்படாமல், தங்கள் நிலத்தின் மேல்மண்ணிலும் அரை மீற்றர் ஆழத்திலுமாக இரண்டு மாதிரிகளை எடுத்து, பகுதி விவசாயப் போதனாசிரியர் ஊடாகப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். டொலமைட் இட்டு மண் ஊறி முடிகிறபோது நடுகைக்காலமும் வந்துவிடும்.

இப்படிக்கு,
மரக்கறிச் செய்கையாளர் ஒருவர்,
கந்தப்பளை.